பினாங்கு தேசியப் பூங்காவுல ஒரு நாள்: கம்மியா நடங்க, நிறைய பாருங்க

தெலுக் பஹாங்ல இருக்குற இந்தத் தேசியப் பூங்காவுக்குப் போயிட்டு வர்ற நம்ம ஆளுங்கள்ல நிறைய பேரு சொல்றது ஒண்ணுதான், "அங்க என்னங்க இருக்கு, வெறும் குரங்குதான்". பத்து மணிக்கு வெயில் ஏறினப்புறம் போய் இறங்கி, ஸ்பீக்கர்ல பாட்டப் போட்டுக்கிட்டு மங்கி பீச் வரைக்கும் மூச்சு வாங்க நடந்து, அங்க செல்ஃபி எடுத்துட்டு போட்ல ஏறித் திரும்பிட்டா காடு எதைத்தான் காட்டும். அதே பாதையில, கவுண்டர்லேர்ந்து முதல் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே காலை முழுக்க உக்காந்து பாக்குறதுக்கு விஷயம் இருக்கு. கேமரா வச்சிருக்கவங்களுக்கும் சரி, ஹென்ஃபோன் மட்டும் வச்சிருக்கவங்களுக்கும் சரி, நான் முதல்ல சொல்றது இதுதான்: அன்னிக்கு எத்தனை கிலோமீட்டர் நடந்தோம்ங்கிற கணக்க வீட்டுலேயே வச்சுட்டு வாங்க.

இடத்தப் பத்தி கொஞ்சம். முன்னாடி இது பந்தாய் ஆச்சே வனக்காப்பகம், 2003ல தேசியப் பூங்கா ஆச்சு. நிலமும் கடலும் சேத்து சுமார் 2,500 ஹெக்டர், அதுல பாதிக்கு மேல கடல்தான். பகாங்ல இருக்குற பெரிய தாமான் நெகாராவோட வச்சுப் பாத்தா ரொம்பச் சின்னது, ஆனா ஒரு நாள்ல பாக்க வர்றவங்களுக்கு அதுதான் வசதி, காடு, ஆத்து முகத்துவாரம், பாறை, மணல், கடல் எல்லாம் நடக்குற தூரத்துல ஒட்டி ஒட்டி இருக்கு. 2021ல யுனெஸ்கோ கொடிமலையை (பினாங்கு ஹில்) உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்சப்ப இந்தப் பூங்காவும் பொட்டானிக் கார்டனும் அதுக்குள்ள வந்துடுச்சு. புலி, யானைன்னு எதிர்பாத்து வராதீங்க, தீவுல அது கிடையாது. லோத்தோங் (இலை தின்னுற கறுத்த குரங்கு), கேரா (நீள வால் குரங்கு), உடும்பு, கடல் கழுகு, கருடன், மீன்கொத்தி, அதிர்ஷ்டம் இருந்தா நீர்நாய், ரொம்ப உன்னிப்பா பாத்தா குபோங், அதான் தோல் சவ்வ விரிச்சு மரத்துக்கு மரம் மிதந்து போற கொலுகோ. இதுதான் லிஸ்ட்டு.

எப்ப போறதுன்னா, ஜனவரி பிப்ரவரி நம்ம பக்கம் காய்ஞ்ச மாசம், பாதை வழுக்காது. செப்டம்பர்லேர்ந்து நவம்பர் வரைக்கும் மழை ஜாஸ்தி, ஏப்ரல் மே மாசமும் சாயங்காலம் கொட்டும். மழை மாசத்துல போகக்கூடாதுன்னு இல்ல, மழை விட்ட அடுத்த அரை மணி நேரம் குரங்கு பறவை எல்லாம் வெளிய வந்து உடம்பக் காய வைக்கும், இலையெல்லாம் கழுவி விட்டமாதிரி இருக்கும், படத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. இடி இடிச்சா மட்டும் உடனே திரும்பிடுங்க, மரக்கிளை விழுற காடு இது. சனி ஞாயிறு, பொதுவிடுமுறை தவிர்த்துட்டு வேலை நாள்ல ஒரு லீவு போட முடிஞ்சா போடுங்க, பாதையில சத்தம் இல்லாம இருக்குறதுதான் பெரிய வித்தியாசம்.

ஜார்ஜ்டவுன் ஜெட்டியிலேர்ந்தும் கொம்தார்லேர்ந்தும் ரேப்பிட் பினாங்கு 101 பஸ், பத்து ஃபெரிங்கி வழியா தெலுக் பஹாங் வரைக்கும் வருது, ஆனா காலை வெளிச்சத்துக்குப் போய்ச் சேரணும்னா காடியோ மோட்டோவோ இருந்தா நல்லது. நம்ம ஊர்ல ஏழு மணிக்குக்கூட அரை இருட்டுதான், வருஷம் முழுக்க ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவுல தான் சூரியன் எழும்பும், அதனால அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கத் தேவையில்ல. பசியாறுறத முடிச்சிட்டே வாங்க, ரவுண்ட் அபவுட் பக்கம் ரொட்டி சானாய் கிடைக்கும்.

சாமான் விஷயத்துல சுருக்கமா சொல்லிடுறேன். காலுக்கு, தோட்டத்துல பால்மரம் வெட்டப் போனவங்க போட்ட அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து இருக்கே, மலாய்க்காரங்க அடிடாஸ் கம்போங்னு சொல்றது, அதுக்கு மேல வேற எதுவும் வேணாம், விலையும் கம்மி, ஈரப்பாறையிலயும் வேர்லயும் நல்லா பிடிக்கும். நீளமான சிலுவார், மங்கின நிறத்துல சட்டை. தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர், உள்ள கடை கிடையாது. கொசு மருந்த வீட்டுலேயே தடவிக்கிட்டு கைய நல்லா துடைச்சுட்டுத்தான் கேமராவத் தொடணும், டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பர் பிடியையும் அரிச்சிடும். சாப்பாட்டை ஜிப் இருக்குற பேக்குக்குள்ள அடியில வைங்க, கையில பிளாஸ்டிக் பை தொங்கவே கூடாது, ஏன்னு கேரா பத்தி பேசுறப்ப சொல்றேன்.

லென்ஸ் 70-300 இருந்தாலே போதும், 100-400 இருந்தா நிம்மதி. 600 எடுத்துட்டு வந்து மலையேறி இறங்கி தோள்வலியோட நிக்கிறதவிட கையில தூக்கி நிக்க முடியுற கனம்தான் இங்க சரி, ஏன்னா டிரைபாட் விரிக்க இந்தப் பாதையில இடமும் இல்ல, குரங்கு ஒரு இடத்துல நிக்கவும் நிக்காது. காடியில ஏர்கான் போட்டுட்டு வந்து அப்படியே கேமராவ வெளிய எடுத்தா லென்ஸ் பூரா பனி மூடிடும், துடைக்கத் துடைக்க திரும்ப மூடும். வர்ற வழியில கடைசி இருபது நிமிஷம் ஏர்கானை அடைச்சு கண்ணாடிய இறக்கி விடுங்க, இல்லன்னா பேக்கை காடியோட பின்பக்க பூட்டுல வச்சு எடுத்துட்டு வாங்க, பிரச்சனையே வராது.

பூங்கா கவுண்டர் எட்டு மணிக்குத்தான் திறக்கும். அதுக்கு முன்னாடி கிடைக்கிற நேரத்துல மீனவர் ஜெட்டிப் பக்கம் போய் நில்லுங்க. ராத்திரி மீன் பிடிக்கப் போன போட்டெல்லாம் திரும்பி வர்ற நேரம், வலையிலேர்ந்து கழிக்கிற சின்ன மீனுக்காக மேல கருடன் வட்டமடிக்கும். கும்பாபிஷேகத்தப்ப கோபுரத்துக்கு மேல கருடன் சுத்துதான்னு அண்ணாந்து பாக்குறோமே, அதே பறவைதான், வெள்ளைத் தலை, செங்காவி உடம்பு, இங்க தலைக்கு மேல பத்து மீட்டர்ல வந்து போகும். வெள்ளை வயித்துக் கடல் கழுகும் வரும், அது பெருசு, மிதக்குறப்ப ரெண்டு றெக்கையையும் லேசா மேல தூக்கி வி மாதிரி வச்சிருக்கும், தூரத்துலயே தெரிஞ்சிடும். பறக்குற பறவைக்கு ஷட்டர் வேகத்த 1/1600 விநாடிக்கு கீழ இறக்காதீங்க, ஃபோக்கஸ கண்டினியூஸ்ல வைங்க, பறவை உங்களப் பாத்து வர்றப்பவே பின்தொடர ஆரம்பிச்சுடுங்க, தலைக்கு மேல வந்தப்புறம் தூக்குனா வால்தான் கிடைக்கும். வானம் வெளுத்து இருந்தா எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்த ரெண்டு மடங்கு) கூட்டுங்க, இல்லன்னா கருடன் காக்கா மாதிரி கறுப்பாத்தான் விழும். மீன வாங்கித் தூக்கிப் போட்டு பறவைய இறக்குற வேலை வேணாம், தானா நடக்குறத எடுக்குறதுலதான் மரியாதை இருக்கு.

எட்டு மணிக்கு கவுண்டர்ல பேர் பதியணும், மைகார்டு கொண்டு போங்க, கட்டணம் கட்டணும். அப்பவே ரேஞ்சர்கிட்ட ரெண்டு விஷயம் கேட்டுடுங்க, இன்னிக்கு எந்தப் பாதை திறந்திருக்கு, லோத்தோங் கூட்டம் எந்தப் பக்கம் இருக்கு. மண்சரிவு, மரம் விழுறதுனால பாதை அப்பப்ப மூடிடுவாங்க, அதனால பழைய மேப்ப நம்பாதீங்க. ரெண்டாவது கேள்விக்கு அவங்க சொல்ற பதில் தங்கம், அண்ணே, அபாங்னு கூப்பிட்டு ரெண்டு நிமிஷம் பேசினா நேத்து எங்க பாத்தோம்னு வரைக்கும் சொல்லிடுவாங்க.

இப்ப நான் இதுல ரொம்ப விரும்புற விஷயத்துக்கு வந்துட்டேன், லோத்தோங். கறுத்த சாம்பல் உடம்பு, கண்ணைச் சுத்தி வெள்ளை வட்டம், வாயைச் சுத்தியும் வெள்ளை, பொட்டானிக் கார்டன்ல நீங்க பாத்திருப்பீங்க. 2020லேர்ந்து அழியுற ஆபத்துல இருக்குற இனம்னு உலகப் பட்டியல்லயே சேத்துட்டாங்க, நம்ம தீவுல வீட்டு வாசல்ல வந்து உக்காருறதால அதோட அருமை நமக்குத் தெரியல. இதுங்க முக்கியமா இலை தின்னிங்க. காலைல தளிர் இலையா பாத்துத் தின்னும், வெயில் ஏறினதும் பதினொண்ணு மணிவாக்குல கிளையில சாய்ஞ்சு செரிக்க உக்காந்துடும், மறுபடி நாலு மணிக்கு மேல சாப்பாடு. இந்த நேரத்தப் புரிஞ்சுக்கிட்டா உங்க நாளையும் அதுக்குத் தக்கனமாதிரி போட்டுக்கலாம்: எட்டேகாலிலேர்ந்து பத்தரை வரைக்கும் பாதையோட ஆரம்பத்துல, மத்தியானம் கடற்கரை, நாலு மணிக்கு மறுபடி காடு.

தேடுறது எப்படின்னா, முகத்தத் தேடாதீங்க, வாலைத் தேடுங்க. கிளையிலேர்ந்து நேரா கீழ தொங்குற நீளமான கறுப்பு வால், இலைக்கு நடுவுல அது ஒண்ணுதான் நேர்கோடா தெரியும். அப்புறம் காத்து இல்லாம ஒரு கிளை மட்டும் ஆடுறது, கடிச்சுப் போட்ட இலை தலையில விழுறது. ஒண்ணைப் பாத்துட்டா அங்கேயே நில்லுங்க, கூட்டமாத்தான் இருக்கும், பக்கத்துல இன்னும் பத்து இருக்கும். அதுங்களுக்கு நேர் கீழ போய் நிக்காதீங்க, ஒரு இருபது மீட்டர் தள்ளி, பாதையோரமா, முடிஞ்சா மேடான பக்கமா பாத்து உக்காருங்க. மேட்டுல உக்காந்தா கீழ்ச்சரிவுல இருக்குற மரத்தோட கிளை உங்க கண்ணு மட்டத்துக்கு வரும், வெள்ளை வானம் பின்னாடி இல்லாம பச்சை இலை பின்னாடி வரும், படத்தோட தரமே மாறிடும். முதல் அஞ்சு நிமிஷம் கேமராவத் தூக்காம சும்மா உக்காந்திருங்க, அதுங்க உங்களப் பாத்துக்கிட்டே இருக்கும், ஆபத்து இல்லன்னு தெரிஞ்சதும் திரும்ப மெல்ல ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் எடுக்குற படம்தான் இயல்பா இருக்கும்.

செட்டிங்ல நிறைய பேரு திணறுறது இந்த இடத்துலதான். காட்டுக்குள்ள வெளிச்சம் நாம நினைக்கிறதவிட ரொம்பக் கம்மி, அதனால ஐஎஸ்ஓவ, அதான் கேமரா வெளிச்சத்த உணர்ற அளவ, 3200, 6400 வரைக்கும் பயப்படாம ஏத்துங்க, குருணை விழுந்த படத்த சரி பண்ணிடலாம், ஆடிப்போன படத்த ஒண்ணும் பண்ண முடியாது. மேனுவல்ல போட்டு அப்பெர்ச்சரை (லென்ஸ்ல வெளிச்சம் நுழையுற துவாரம்) முழுசா திறந்து, ஷட்டர் உக்காந்திருக்கிறதுக்கு 1/320, தாவுறதுக்கு 1/1000, ஐஎஸ்ஓ ஆட்டோ, இது மூணு இருந்தா காலை முழுக்க வேற எதையும் திருப்ப வேணாம், எக்ஸ்போஷர் கூட்டல் கழித்தல தவிர. அது ஏன்னா, லோத்தோங் உடம்பு கறுப்பு, ஃபிரேம் பூரா அது நிறைஞ்சிருந்தா கேமரா இருட்டுன்னு நினைச்சு வெளிச்சத்தக் கூட்டி, கண்ணைச் சுத்தி இருக்குற வெள்ளையை வெளுத்துப் போட்டுடும், அப்ப முக்கால் ஸ்டாப் குறைங்க. பின்னாடி வானம் வந்துடுச்சுன்னா நேர்மாறு, ஒன்றரை ஸ்டாப் கூட்டினாத்தான் முகம் தெரியும். ஃபோக்கஸ் ஒரே புள்ளியில வைங்க, கண்ணைத் தேடிப் பிடிக்கிற வசதி இருக்குற கேமராகூட முன்னாடி ஒரு இலை ஆடினா அதுக்கே தாவிடுது. சத்தமில்லாத ஷட்டர் இருந்தா போட்டுடுங்க. ஃபிளாஷ் எந்த மிருகத்துக்கும் வேணாம்.

குட்டி இருக்குற கூட்டமா அமைஞ்சா உங்க நல்ல நேரம். லோத்தோங் குட்டி பொறக்குறப்ப மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம், அம்மாவோட கறுப்பு மடியில அந்த நிறம் அப்படியே எரியும், சில மாசத்துல மெதுவா சாம்பலாயிடும். அம்மா மட்டும் இல்ல, கூட்டத்துல மத்த பொண்ணுங்களும் சித்தி பெரியம்மா மாதிரி வாங்கி வச்சுக்கும், அது கை மாறுற அந்த நேரத்துக்காகக் காத்திருந்து எடுங்க, அத மாதிரி ஒரு படம் அமையுறதுக்கு ஒரு காலை முழுக்கப் போனாலும் தகும். ஆனா குட்டியை நெஞ்சோட இறுக்கிக்கிட்டு அம்மா மேல மேல ஏறுதுன்னா நீங்க கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம், பின்னாடி போயிடுங்க. எந்த மிருகமா இருந்தாலும் செஞ்சுக்கிட்டிருந்த வேலைய நிறுத்திட்டு உங்களையே பாத்தா, எடுத்தது போதும்.

ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம் எதுவும் குடுக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். இலைய புளிக்க வச்சு செரிக்கிறதுக்குன்னே அமைஞ்ச வயிறு அது, நம்ம இனிப்பும் மாவும் அந்த வயித்தக் கெடுத்துடும், அதோட ரோட்டோரம் வந்து காத்திருக்கப் பழகிடும், காடியில அடிபட்டுச் சாகும். இந்த தெலுக் பஹாங் ரோட்டுலேயே 2019ல லங்கூர் (லோத்தோங்தான்) புரோஜெக்ட் பினாங்குங்கிற குழு, தீயணைப்புப் படையோட பழைய ஹோஸ் பைப்ப வச்சு மரத்துக்கு மரம் ஒரு பாலம் கட்டினாங்க, அடிபடாம மேலேயே கடந்து போகட்டும்னு. வர்ற வழியில வேகத்தக் குறைச்சு அண்ணாந்து பாருங்க, நிறுத்துறதா இருந்தா ஓரமா பத்திரமா நிறுத்துங்க.

கேரா, அதான் நீள வால் குரங்கு, தண்ணீர்மலை கோயில் பக்கம் நம்ம எல்லாருக்கும் பழக்கமானது, மங்கி பீச்ல நிறைய. பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே சாப்பாடுன்னு பழகிப் போனதுங்க, அதனாலதான் பை வேணாம்னு சொன்னேன். வாயத் திறந்து பல்லைக் காட்டினா சிரிக்கல, எச்சரிக்குது. நேரா கண்ணைப் பாக்காம, ஓடாம, மெதுவா பின்னாடி நகருங்க, சின்னப் பிள்ளைங்கள நடுவுல விட்டுக்குங்க. கேரா கூட்டம் காட்டுக்குள்ள நகர்றப்ப அதுக்குப் பின்னாலயே துடுப்புவால் கரிச்சான் வருதான்னு பாருங்க, குரங்கு கலைச்சு விடுற பூச்சிய பறந்து பிடிக்கும், ரெண்டு நீளமான வால் கம்பி முனையில சின்ன இலை ஒட்டினமாதிரி ஆடும்.

குபோங் பகல்ல மரத்தண்டோட ஒட்டிக்கிட்டு தூங்கும், பாசி படிஞ்ச பட்டை மாதிரியே இருக்கும், மரத்துக்கு மரம் நூறு மீட்டருக்கு மேலயும் மிதந்து போகக்கூடியது, ஆனா அதெல்லாம் ராத்திரி வேலை. பகல்ல தேடுறதுக்கு, நடந்து முன்னாடியே பாத்துட்டுப் போகாம அப்பப்ப நின்னு, கடந்து வந்த மரத்தோட பின்பக்கத்தையும் திரும்பிப் பாருங்க. இன்னொண்ணு, கைப்பிடியோ கிளையோ பிடிக்கிறதுக்கு முன்னாடி பாத்துப் பிடிங்க, பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயில்ல இருக்குற அதே பச்சை விரியன் வகை தாழ்ந்த கிளையில அசையாம நாள்கணக்கா இருக்கும். பாத்துட்டீங்கன்னா தூரத்துலேர்ந்து லென்ஸ்ல எடுங்க, குச்சியால தொடுற ஆளு கூட வந்திருந்தா அடுத்த தடவை கூட்டிட்டு வராதீங்க.

மத்தியானம் ரெண்டு வழி. வலது பக்கம் கடலோரமா போனா மங்கி பீச், அதுக்கும் மேல செங்குத்தா ஏறினா 1883ல கட்டின முக்கா ஹெட் கலங்கரை விளக்கம், மிருகத்துக்காகப் போறவங்களுக்கு அந்த ஏத்தம் அவசியம் இல்ல. இடது பக்கம் மலை ஏறி இறங்கினா பந்தாய் கெராச்சுட், ஒன்றரை மணி நேரம் நடை. என் ஓட்டு கெராச்சுட்டுக்குத்தான். அங்க இருக்குற ஏரியில மேல நல்ல தண்ணி, அடியில கடல் தண்ணி, ரெண்டும் கலக்காம அடுக்கடுக்கா நிக்கும், காய்ஞ்ச மாசத்துல வத்தி வெறும் சேறா கிடக்கும், அப்பவும் ஓரத்துல மீன்கொத்தி, நாரை, சேத்துல நடந்த உடும்போட தடம் எல்லாம் கிடைக்கும். உடும்ப எடுக்குறப்ப நின்னுக்கிட்டு கீழ்நோக்கி எடுக்காதீங்க, மணல்ல படுத்து கேமராவ அதோட கண்ணு உயரத்துக்கு இறக்குங்க, ரெண்டு மீட்டர் நீளம் வரைக்கும் வளர்ற மிருகம், அதோட கம்பீரம் அப்பத்தான் படத்துல வரும். நண்டும் இதே முறைதான், வளைக்குப் பக்கத்துல அசையாம படுத்திருந்தா ரெண்டு மூணு நிமிஷத்துல வெளிய வந்துடும். கடல்ல இறங்காதீங்க, இழுவையும் ஜெல்லி மீனும் இருக்கு.

அங்கேயே மீன்வளத் துறையோட ஆமைக் குஞ்சு பொரிப்பகம் இருக்கு. பச்சை ஆமை இந்தக் கரைக்கு ராத்திரியில முட்டையிட வரும், ஒரு தடவைக்கு சுமார் நூறு முட்டை, பொரிக்க ரெண்டு மாசம்கிட்ட ஆகும், மணல் சூடு கூடினா பெண் குஞ்சு ஜாஸ்தி, குளிர்ந்தா ஆண். பகல்ல போறவங்க முட்டையிடுறதப் பாக்க முடியாது, ஆனா தொட்டியில குஞ்சு இருந்தா பாக்கலாம், அங்க இருக்குறவங்க விவரமா சொல்வாங்க. கண்டிப்பா ஃபிளாஷ் வேணாம், லைட்டும் வேணாம், குஞ்சுங்க வெளிச்சத்த வச்சுத்தான் கடல் எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கும்.

திரும்புறதுக்கு கெராச்சுட்லேர்ந்து போட் பிடிக்கிறதா இருந்தா காலையிலேயே ஜெட்டியில விலை பேசி நேரம் சொல்லிட்டு வாங்க, போட்காரர் நம்பர வாங்கி வச்சுக்கிட்டாலும் உள்ள எல்லா இடத்துலயும் லைன் கிடைக்காது. நடந்தே திரும்புறவங்க ரெண்டு மணிக்கெல்லாம் கிளம்பிடுங்க, அப்பத்தான் லோத்தோங் மறுபடி இலை தின்ன ஆரம்பிக்கிற நேரத்துக்கு முதல் கிலோமீட்டர்ல வந்து உக்கார முடியும், சாயங்கால வெளிச்சம் சாய்வா உள்ள விழும், காலைல எடுக்க முடியாத பின்வெளிச்சப் படம் எல்லாம் அப்ப வரும். ஆத்து முகத்துவாரப் பாலத்துலயும் ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க, நீர்நாய் வந்தா கூட்டமாத்தான் வரும், தண்ணியில தலை தலையா தெரியும். கவுண்டர் மூடுறதுக்குள்ள வெளிய வந்து பேரச் சொல்லிட்டுப் போங்க, இல்லன்னா உள்ள யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு ரேஞ்சருங்க தேட வேண்டியிருக்கும்.

ஹென்ஃபோன்காரங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. ஜூம் பண்ணி தூரத்துக் குரங்க எடுத்தா பிசுபிசுன்னுதான் வரும், அதை விட்டுடுங்க, நண்டு, சிலந்தி, வண்ணத்துப்பூச்சி, உடும்புத் தடம், மரவேர், காளான் இதெல்லாம் ஃபோன்ல அருமையா வரும். குரங்கா இருந்தா வீடியோவா எடுங்க, மரம் முழுசா தெரியுற மாதிரி, கூட்டம் தாவுறத.

வீட்டுக்கு வந்ததும் கடல்காத்துப் பட்ட கேமராவ நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைச்சு, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவுல வைங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு லென்ஸ்ல பூசணம் பிடிச்சா போகவே போகாது. படத்த போடுறப்ப இடத்தக் கொஞ்சம் யோசிச்சுப் போடுங்க. முராய் பத்து மாதிரி பாட்டுப் பறவையையும் குரங்குக் குட்டியையும் பிடிச்சு விக்கிறவங்க இருக்காங்க, கூடு எந்த மரம், எந்த வளைவுன்னு எழுதுனா அவங்களுக்கு வழி சொன்ன மாதிரி ஆயிடும், தேசியப் பூங்கான்னு மட்டும் போட்டா போதும். உயிரினப் படங்களப் பதியுற ஐநேச்சுரலிஸ்ட் தளத்துல ஏத்தினீங்கன்னா ஆபத்துல இருக்குற இனத்தோட சரியான இடத்த அதுவே மறைச்சுடும், உங்க படம் ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் போய்ச் சேரும். காட்டுக்குள்ள கண்ணி, வலை, கூண்டு ஏதாவது கண்ணுல பட்டா தொடாம ஒரு படம் எடுத்துக்கிட்டு கவுண்டர்ல சொல்லுங்க, இல்ல பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) நம்பர் 1-800-88-5151க்கு அடிங்க.